புது ஆசிரியர் முன் எதை வாசிப்பது?

வயலின் கற்கும் உங்கள் பிள்ளை புதிய ஆசிரியரிடம் சேர்கிறாரா? முதல் வகுப்பிலேயே அசத்த வேண்டும் என்று, பாதி மட்டுமே கைவந்த கீர்த்தனையை வாசிக்கச் சொல்லாதீர்கள். தடுமாறினால் பிள்ளையின் மனம் சோர்ந்துவிடும். ஆசிரியருக்கும் உண்மையான நிலை தெரியாது.

மூன்று போதும். முதலில், 15ஆவது மேளகர்த்தா ராகமான மாயாமாளவகௌளையில் ஒரு சரளி வரிசை, மூன்று காலங்களிலும். சுருதி சுத்தம், தாளக்கட்டு, வில் பிடிக்கும் விதம் எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அடுத்து, பிள்ளைக்குப் பிடித்த ஒரு கீதம்; மலஹரியில் அமைந்த எளிய கீதமானாலும் சரி. கடைசியாக, இப்போது கற்றுவரும் வர்ணத்தில் சிக்கலான இடம். ‘இங்கேதான் கை தடுமாறுகிறது’ என்று பிள்ளையே சொல்லட்டும். பாடம் அங்கிருந்துதான் தொடங்கும்.

எந்தக் கீதம் என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள். வாசிக்கப்போவது நீங்கள் அல்லவே!