போருக்குப் பிந்திய மீட்சியில் மாற்றுத்திறனாளிகள்: வட இலங்கை உணர்த்தும் பாடம்

முன்னுரை

போர் முடிந்த நாளோடு போரின் விளைவுகள் முடிந்துவிடுவதில்லை. சாலைகள் செப்பனிடப்படுகின்றன, பள்ளிகள் மீண்டும் எழுகின்றன, மக்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்புகின்றனர். ஆயினும், காலையோ கண்ணையோ இழந்தவர்க்கும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்க்கும் போரின் தாக்கம் வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. இத்தகையோரை மீட்சிப் பணிகளில் எவ்வாறு இணைப்பது என்பதனை, 2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிவுற்ற வட இலங்கையைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உதவிப் பொருள் வழங்குவது வேறு. மீட்சியில் இடமளிப்பது வேறு. இவ்வேறுபாட்டையே நாம் இங்கு வலியுறுத்த விரும்புகிறோம்.

சொல்லும் பார்வையும்

தமிழில் இம்மக்களைக் குறிக்கப் பல சொற்கள் வழங்கி வந்துள்ளன. 'ஊனமுற்றோர்', 'அங்கவீனர்' என்பன உடலில் உள்ள குறையை முன்னிறுத்தின. இன்று பரவலாக வழங்கும் 'மாற்றுத்திறனாளி', இலங்கையில் வழங்கும் 'மாற்றுவலுவுடையோர்' ஆகிய சொற்கள் குறையை விடுத்துத் திறனைச் சுட்டுகின்றன. இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. எனினும் பழைய சொல்லும் புதிய சொல்லும் ஆளையே நோக்குகின்றன. அவர் ஏற முடியாத படியை நோக்கவில்லை என்பதை நாம் கருத வேண்டும்.

2006ஆம் ஆண்டு திசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கை இப்பார்வையை விரிவாக்கியது. உடற்குறைபாடும் சமூகத்தில் உள்ள தடைகளும் ஒன்றோடொன்று மோதும் இடத்திலேயே இயலாமை பிறக்கிறது என்பது அதன் அடிப்படை. இதன்படி, சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் பிரதேச செயலகத்தினுள் நுழைய முடியாமற் போவதற்குக் காரணம் அவருடைய கால்கள் மட்டுமல்ல; வாயிற்படிகளுமாகும். போரினால் இடிந்தவற்றைப் புதிதாகக் கட்டும் காலத்தில் இக்கருத்து தனிச்சிறப்புப் பெறுகிறது. அப்படிகளை வைப்பதா வேண்டாவா என்பது அப்போதுதான் முடிவு செய்யப்படுகிறது.

எண்ணப்படாதோர்

திட்டமிடுதலின் முதற்படி கணக்கெடுப்பாகும். இலங்கையின் 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பு, பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவிற்கொள்ளல், தன்னைப் பேணுதல், பிறரோடு தொடர்புகொள்ளல் ஆகியவற்றில் உள்ள இடர்ப்பாடுகளைக் கேட்டறிந்தது. 5 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 8.7 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 1.6 மில்லியன் மக்கள், இத்தகைய இடர்ப்பாட்டுடன் வாழ்வது நாடளாவிய அளவில் தெரியவந்தது.

ஆனால் போர் நிகழ்ந்த பகுதிகளில் எண்ணிக்கைக்குள் எளிதில் அடங்காத இரு பிரிவினர் உள்ளனர். உடலில் எறிகணைச் சிதறல்களைத் தாங்கி வாழ்வோர் முதற்பிரிவினர். பார்வைக்கு இவர்கள் நலமாகவே தோன்றுவர். வெயிலில் மண்வெட்டி பிடிக்கும்போதுதான் வலி வெளிப்படும். கூலி வேலையை நம்பிய குடும்பத்தில் இது வருவாய் இழப்பாக முடிகிறது. பதிவு செய்துகொள்ளத் தயங்குவோர் இரண்டாம் பிரிவினர். போர்க்காயம் என்றாலே முன்னாள் போராளியோ என்ற ஐயம் எழக்கூடிய சூழலில், காயத்தை மறைப்பதே பாதுகாப்பு எனச் சிலர் கருதுவது இயல்பு. அச்சம் நீங்காத இடத்தில் புள்ளிவிவரமும் முழுமை பெறாது.

கால் மட்டும் போதுமா?

யாழ்ப்பாணத்தில் 1987ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையம் போர்க்காலம் முழுவதும் செயற்கைக் கால்களை வழங்கி வந்துள்ளது. இராசத்தான் மாநிலத்தின் ஜெய்ப்பூரில் 1960களின் இறுதியில் உருவான அக்கால், வெறுங்காலுடன் நடக்கவும் குந்தியிருக்கவும் சேற்று வயலில் இறங்கவும் ஏற்றதாக அமைந்தமையால் நம் மக்களின் வாழ்க்கைமுறைக்குப் பொருந்தியது.

எனினும் செயற்கைக் கால் ஒருமுறை கொடுத்து முடிக்கும் பொருளன்று. அது தேய்கிறது; எஞ்சிய காற்பகுதியின் அளவும் காலப்போக்கில் மாறுகிறது; வளரும் குழந்தைக்கோ அடிக்கடி புதிய கால் வேண்டும். முழங்காலுக்குக் கீழே காலை இழந்த தாய் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கால் பொருந்தாமற் புண்ணாகும்போது அவர் தொலைதூர நகருக்குப் பேருந்தில் செல்ல வேண்டும். அன்றைய கூலி போகும்; பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். இச்செலவுகளை ஏற்க இயலாதபோது கால் வீட்டின் மூலையில் கிடக்க, அவர் மீண்டும் ஊன்றுகோலை நாடுகிறார். வழங்கிய கால்களின் பட்டியலில் மட்டும் அவர் பயன்பெற்றவராகவே இருப்பார்.

முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர் நிலை இதனினும் கடுமையானது. உணர்ச்சியற்ற உடற்பகுதியில் தோன்றும் அழுத்தப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் உயிரையே பறிக்கக்கூடியவை. உரிய மெத்தை, தூய நீர், உடலைத் திருப்பிவிடும் கை ஆகியவையே இவர்களை வாழவைக்கின்றன. அந்தக் கை பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கையாகும். அவருடைய உழைப்பு எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

வீடும் வழியும்

இந்திய அரசு 2010ஆம் ஆண்டு அறிவித்த 50,000 வீடுகள் திட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான வீடுகள் 'உரிமையாளரே கட்டும்' முறையில் அமைந்தன. வீடொன்றுக்கு இலங்கை நாணயத்தில் 5.5 இலட்சம் ரூபாய், பணி நிறைவேற நிறைவேறத் தவணைகளில் வழங்கப்பட்டது. தம் வீட்டைத் தாமே திட்டமிடும் உரிமையை மக்களுக்குத் தந்தமையால் இம்முறை பாராட்டத்தக்கதே.

ஆயினும் மேசனைத் தேடுதல், மணலும் சீமெந்தும் கொணர்தல், அடுத்த தவணைக்காக அலுவலகம் செல்லுதல் ஆகிய அனைத்தும் நடமாடும் உடலையே எதிர்பார்க்கின்றன. பயனாளிப் பட்டியலில் பெயர் இருந்தாலும் படுக்கையில் இருப்பவர்க்கு இம்முறை துணையின்றிப் பயன்தராது. மேலும் சாய்தளம், அகன்ற கதவு, கைப்பிடியுடன் கூடிய கழிப்பறை, இருந்தவாறே நீர் மொள்ள வாய்ப்பான கிணற்றுக்கட்டு ஆகியவற்றை வரைபடத்திலேயே சேர்த்தால் செலவு சிறிதே. கட்டி முடித்தபின் சுவரை உடைத்துச் செய்வதற்கோ பன்மடங்கு ஆகும். பெரும்பாலும் அது செய்யப்படாமலே போகும். இதனாலேயே மீட்சிக் காலத்தில் தவறவிடும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கே தடையாகிறது என்கிறோம்.

சட்டமும் பங்கேற்பும்

இலங்கையில் சட்டங்கள் இல்லாமல் இல்லை. தகுதியுடைய மாற்றுத்திறனாளிகளுக்கு அரசுப் பணியிடங்களில் 3 விழுக்காடு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988ஆம் ஆண்டு வெளிவந்தது. உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996இலும், பொதுக் கட்டடங்களை அனைவரும் அணுகத்தக்கவாறு அமைப்பதற்கான ஒழுங்குவிதிகள் 2006இலும் இயற்றப்பட்டன. முன்னர்க் குறிப்பிட்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் 2007இல் கையொப்பமிட்ட இலங்கை, 2016இல் அதனை ஏற்புறுதி செய்தது. போர் முதலிய இடர்க் காலங்களிலும் மாற்றுத்திறனாளிகளைக் காப்பது அரசின் கடமை என அவ்வுடன்படிக்கையின் 11ஆம் பிரிவு கூறுகிறது. 2019இல் பாதுகாப்பு அவையின் 2475ஆம் தீர்மானமும், மோதலைத் தடுத்தல், அமைதியைக் கட்டியெழுப்புதல் ஆகியவற்றில் இவர்கள் பங்கேற்க வேண்டும் என்றது.

ஆகவே, குறை சட்டத்தில் இருப்பதைவிடச் செயற்பாட்டிலேயே மிகுதி எனலாம். கட்டட வரைபடத்தை ஏற்கும் அலுவலர்க்கு விதி தெரிந்திருக்க வேண்டும். அதனைக் கேட்கும் உரிமையுடையோர் கூட்டத்தில் இருக்கவும் வேண்டும். வடமாகாணத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோர் தாமே ஒன்றுகூடி நடத்தும் 'உயிரிழை' அமைப்பு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஒருவர் பட்ட துன்பம் மற்றவர்க்கு வழிகாட்டும் அறிவாக மாறுவதை இங்குக் காணலாம். கைதடி நவீல்ட் பாடசாலை, சுன்னாகம் வாழ்வகம் ஆகியவை கல்வித்துறையில் ஆற்றிவரும் தொண்டும் பெரிது. எனினும் சிறப்பு நிலையங்கள் இருக்கின்றன என்பது, ஊர்ப்பள்ளி தன் கதவைக் குறுக்கிக்கொள்வதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. உதவிக் கருவிகளுக்குத் தொடர் பராமரிப்பு வேண்டும். மீள்கட்டுமானத்தில் அணுகும் வசதி முதல் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும். திட்டமிடும் அவையில் மாற்றுத்திறனாளிகள் அமர்ந்திருக்க வேண்டும். இம்மூன்றும் இணைந்தாலன்றி மீட்சி முழுமை பெறாது.

மலேசியாவில் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. போரைக் காணாத நம் பள்ளிகளிலும் மாணவர் ஏற முடியாத படிகள் உண்டா என நாம் பார்த்தல் வேண்டும். 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல்லை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர், அவ்வகுப்பினுள் ஒரு சக்கர நாற்காலி நுழைய முடியுமா என்றும் ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராயின், அச்சொல் தன் முழுப்பொருளையும் பெறும்.