ஜொகூர் பாருவுக்குப் போகுமுன் கணக்குப் பாருங்கள்

"அண்ணே, கடலோர டவுன், கைநிறையச் சம்பளம். அடுத்த மாசமே குடும்பத்தோட ஜொகூர் பாருவுக்குக் கிளம்புறேன்" என்றார் ரெங்கம் தோட்டத் தம்பி ஒருவர்.

"வாடகை எவ்வளவு தம்பி?" என்றேன். பதில் இல்லை.

தோழர்களே, 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சேமநிதிக்கு நூற்றுக்கு 11 வீதம் 187 வெள்ளி போகும். சொக்சோவும் பிடித்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 1,500.

வீட்டு வாடகை 700 என்று வையுங்கள். வழக்கப்படி டெபாசிட் இரண்டு மாதம், முன்வாடகை ஒரு மாதம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம். சாவி வாங்குமுன்னே 2,450 வெள்ளி வேண்டும்! பிறகு மாதாமாதம் மிஞ்சும் 800 வெள்ளியில்தான் அரிசி, பஸ், பள்ளிச் செலவு, கரண்டு பில் எல்லாம்.

நாம் வாடகையில்லாமல் குடியிருக்கும் தோட்டத்து வீடு, சம்பளச் சீட்டில் தெரியாத சம்பளம். அவசரப்பட்டு வேலையை விட்டால் வீடும் போகும். வயதான அப்பா அம்மா எங்கே போவார்கள்?

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. வீடு யார் பேரில் இருக்கிறதோ அவர் தோட்டத்திலேயே இருக்கட்டும். இளையவர் ஒருவர் முதலில் போய், அறை எடுத்துத் தங்கி, வேலையில் நிலைக்கட்டும். நாலு மாத வாடகை கையில் சேர்ந்தபின் குடும்பத்தை அழையுங்கள். ரசீது இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

அந்தத் தம்பி பயணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டார். இப்போது பணம் சேர்க்கிறார்.