ஐந்து நாளாகியும் இறங்காத காய்ச்சல்

குழந்தைக்குக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு வந்தால், நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு "அம்மை போட்டிருக்கு" என்பதுதான். வேப்பிலை வைத்து, மருந்து வேண்டாம் என்று காத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. வந்திருப்பது காவசாகி நோயானால் அந்தக் காத்திருப்பு குழந்தையின் இதயத்தைப் பாதித்துவிடலாம்.

ஜப்பானியக் குழந்தை மருத்துவர் தொமிசாகு காவசாகி, 50 குழந்தைகளிடம் கண்ட இந்நோயைப் பற்றி 1967இல் எழுதினார். பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்டவர்களுக்கே வருகிறது. காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. வைரஸ் போன்ற ஏதோ ஒரு தொற்றால் தூண்டப்படும் எதிர்ப்பு சக்தி, சில குழந்தைகளின் ரத்தக்குழாய்களையே தாக்கி வீங்கவைக்கிறது என்று கருதுகிறார்கள். ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. 2020இல் கொரோனா தொற்றுக்குச் சில வாரங்கள் கழித்துக் குழந்தைகளுக்கு வந்த அழற்சியிலும் இதன் சாயல் இருந்தது.

5 நாளாகியும் காய்ச்சல் இறங்காவிட்டால் குழந்தையை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பீளை இல்லாமல் சிவந்த கண்கள், வெடித்த உதடு, ஸ்ட்ராபெரிபோல் சிவந்து புள்ளியிட்ட நாக்கு, வீங்கிய கைகால், கழுத்தில் நெறிகட்டு. இடது தோளில் பிசிஜி தடுப்பூசி போட்ட தழும்பு திடீரெனச் சிவந்து தடித்திருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். விரல்நுனித் தோல் உரிவது இரண்டாவது வாரத்தில்தான். அதுவரை பொறுக்கக் கூடாது. கைக்குழந்தைகளுக்கு எல்லா அறிகுறிகளும் தெரியாமலே போகலாம், ஆபத்தோ அவர்களுக்குத்தான் அதிகம்.

சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இதயத் தமனி புடைத்துவிடும். காய்ச்சல் தொடங்கிய 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். ஆன்டிபயாட்டிக் இதைக் குணப்படுத்தாது. இம்யூனோகுளோபுலின் விலை அதிகம், குழந்தையின் எடைக்கேற்ற அளவில் தர வேண்டும். அதனால் செலவைப் பற்றியும் அரசு மருத்துவமனையில் கிடைக்குமா என்பதைப் பற்றியும் முதல் நாளே கேளுங்கள். 104 மருத்துவ உதவி எண்ணிலும் விசாரிக்கலாம்.

வீடு திரும்பியதும் பலர் இதயத்தைப் பார்க்கும் எக்கோ பரிசோதனையை விட்டுவிடுகிறார்கள். அது பெரிய தவறு. இந்நோய்க்காக டாக்டர் தரும் ஆஸ்பிரினைக் குழந்தை சாப்பிடும் நாட்களில் சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளை எப்போது போடுவது என்றும் அவரிடமே கேளுங்கள். இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பின் வழக்கமாக 11 மாதம் தள்ளிப்போடுவார்கள்.

சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஒழுங்குமுறை. எழுத்துமூலம் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியையும் குறித்து வையுங்கள். 5 நாளைத் தாண்டினால், "இது காவசாகியாக இருக்குமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.