விளக்கில் இந்தத் தடை எதற்கு?

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டில் உள்ள லைட்ஹவுஸ் குப்பத்து மாணவர்க்கு, அந்தியில் தானே எரியும் சிறு விளக்கொன்றின் மின்சுற்றை ஒருமுறை விளக்கினேன். "இந்தத் தடை எதற்கு?" என்றேன். "மின்னோட்டத்தைக் குறைக்க, ஐயா" என்றனர். தடையின் இயல்பு அது. அங்கு அது வைக்கப்பட்ட நோக்கம் அதுவன்று.

இயல்பிலிருந்து நோக்கத்தைக் கண்டுரைக்கக் கணிப்பொறியைப் பழக்கியவர் ஜோஹன் டி கிளீர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1979-இல் அவர் அளித்த ஆய்வேடு இதைப் பற்றியது. எண்களை அவர் பெரும்பாலும் ஒதுக்கினார். எத்தனை வோல்ட்டு என்பது வேண்டா. ஏறுகிறதா, இறங்குகிறதா, நிலைத்துள்ளதா என்பதே போதும்.

நம் விளக்கில், மின்கலத்தின் நேர்முனையிலிருந்து முதலில் சாதாரணத் தடை, அடுத்து ஒளியுணர் தடை, பின் எதிர்முனை. இரு தடைகளும் கூடும் சந்தியில் டிரான்சிஸ்டரின் அடிவாய் இணைந்துள்ளது. இருள் சூழ, ஒளியுணர் தடையின் மதிப்பு ஏறும். சந்தியின் மின்னழுத்தம் ஏறும். அடிவாய்க்குச் செல்லும் மின்னோட்டம் ஏறும். அதனால் விளக்கு வழியே பாயும் மின்னோட்டமும் ஏறும். இவ்வாறு ஒவ்வோர் அடியாகக் கணிப்பொறி காரணச் சங்கிலியைக் கோக்கிறது. சாதாரணத் தடை மாறாது நிற்பதனாலன்றோ மற்றதன் மாற்றம் மின்னழுத்த மாற்றமாகிறது! அடிவாய்க்கு மின்னோட்டம் வரும் வழியும் அதுவே. மாணவர் சொல்லியிருக்க வேண்டிய விடை இது.

சில சுற்றுகளில் ஒரு காரணம் ஏற்றும், மற்றொன்று இறக்கும். அப்போது சங்கிலிகள் பலவாகும். அவற்றுள் பயனுள்ள வேலையொன்றைச் செய்வதாக அமைவதையே கணிப்பொறி ஏற்கும்.

1984-இல் ஜான் சீலி பிரவுனுடன் எழுதிய கட்டுரையில் அவர் வற்புறுத்திய நெறியொன்று, ஆசிரியனாகிய எனக்கு மிக உவப்பானது. ஓர் உறுப்பின் விதியில் முழுச் சுற்றின் வேலையை நுழைத்தல் ஆகாது என்பதே அது. 'ஸ்விட்சை மூடினால் விளக்கு எரியும்' என்பது ஸ்விட்சின் விதியன்று. மின்கலம் தீர்ந்திருந்தால் எரியாது. 'ஸ்விட்சைத் திறந்தால் அணையும்' என்பதும் அவ்வாறே. பக்கத்தில் வேறொரு பாதை இருப்பின் எரிந்துகொண்டே இருக்கும். திறந்த ஸ்விட்சின் ஊடே மின்னோட்டம் செல்லாது என்பது மட்டுமே அதன் விதி. நம் பாடநூல்களிலும் இக்குழப்பம் காணப்படுகிறது என்பேன்.

இந்த நுணுக்கம் எதற்கு என்பீராயின், விளக்கு பழுதாகும் நாளில் அதன் அருமை புரியும். பகலிலும் எரிகிறதா? சங்கிலியைப் பின்னோக்கிச் செல்லுங்கள். சந்தியின் மின்னழுத்தம் இறங்கவில்லை; ஆதலால் ஒளியுணர் தடை அறுந்திருக்கலாம். சில ரூபாய்ச் செலவில் அதை மாற்றிவிடலாம். விளக்கையே எறிய வேண்டுவதில்லை. இருளிலும் எரியவில்லையெனின், முதலில் எதனை ஐயுறுவீர்கள்? தாளில் சுற்றை வரைந்து பாருங்கள்.