தொட்டியில் இருக்கிறது படத்தின் ஆயுள்

வீட்டில் இருட்டறை அமைக்க நினைக்கும் சித்தூர், திருப்பதிக்காரர்கள் முதலில் யோசிக்க வேண்டியது கேமராவைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி.

தமிழ்க் குடும்பங்களின் பழைய ஆல்பங்களில் அந்தப் படம் அநேகமாக இருக்கும். மொட்டைத் தலையில் சந்தனம், மிரண்ட கண்கள், பின்னால் திரையில் வரைந்த ஏழுமலை. முடி இறக்கிய கையோடு திருப்பதி ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். சில வீடுகளில் அது இன்றும் பளிச்சென்று இருக்கிறது. சில வீடுகளில் பழுப்பேறி, குழந்தையின் முகமே மங்கிவிட்டது. ஈரம், வெயில், ஆல்பத்தின் பசை என்று காரணங்கள் பல. முக்கியமான ஒன்று: படம் எவ்வளவு நன்றாக அலசப்பட்டது என்பது.

கறுப்பு வெள்ளைப் படம் என்பது காகிதத்தின் மேல் படிந்த வெள்ளித் துகள்கள்தான். டெவலப்பரில் படம் தோன்றும். அசிட்டிக் அமிலக் கரைசல் அதை அங்கேயே நிறுத்தும். ‘ஹைப்போ’ என்று ஸ்டூடியோக்காரர்கள் அழைக்கும் ஃபிக்ஸர், ஒளிபடாத வெள்ளி உப்பைக் கரைத்து எடுக்கும். ஆனால் அந்த ஹைப்போ காகித நாரில் தங்கிவிட்டால், அதிலுள்ள கந்தகம் மெல்ல மெல்ல வெள்ளியைத் தின்னத் தொடங்கும். விளைவு: பழுப்பு. ஹைப்போவை வெளியேற்ற ஒரே வழி தண்ணீர்.

சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். திருப்பதி கல்யாணி அணையையும், கண்டலேறிலிருந்து வரும் தெலுங்கு கங்கை நீரையும் நம்பியிருக்கும் ஊர். சித்தூரோ ஆழ்துளைக் கிணறுகளையும் கோடை டேங்கர் லாரிகளையும் பார்த்துப் பழகிய ஊர். பழைய முறைப்படி தடித்த ஃபைபர் காகிதத்தை ஒரு மணி நேரம் ஓடும் நீரில் அலச வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டர் என்று வைத்தாலும் 240 லிட்டர். குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருவில் ஒருவர் இப்படிக் குழாயைத் திறந்துவிட்டால் வீட்டிலேயே போராட்டம் வெடிக்கும்.

நிற்கும் நீர், ஓடும் நீர்

ஆகவே இந்த ஊர்களில் இருட்டறைத் தொட்டி தண்ணீரை வெளியேற்றுவதற்கு மட்டுமல்ல, பிடித்து வைப்பதற்கும்தான். சமையலறை சிங்க் இதற்கு உதவாது. ஆழம் அதிகம், அகலம் குறைவு. 8க்கு 10 அங்குலப் படம் போடுபவருக்கு நான்கு தட்டுகள் வரிசையாக உட்கார வேண்டும்: டெவலப்பர், அமிலம், ஃபிக்ஸர், அலசும் நீர். அதற்கு 5 அடி நீளம், 2 அடி அகலம், 6 அங்குல ஆழம் போதும். இடுப்பளவு உயரத்தில், வடிகால் பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். உள்ளே மரச்சட்டங்களாலான பலகை போட்டால் தட்டுகள் ஆடாமல் நிற்கும்.

வடிகால் துளையில் 2 அங்குல உயரத்துக்கு ஒரு குழாய்த் துண்டைச் செருகினால் அந்த உயரத்துக்குத் தண்ணீர் தங்கும், மிஞ்சியது வழிந்துவிடும். இங்கே இது பெரிய வசதி. ரசாயனங்கள் 20 டிகிரி செல்சியஸை எதிர்பார்த்துத் தயாரிக்கப்படுகின்றன. மே மாதத் திருப்பதியில் வெயில் 40ஐத் தாண்டும். மொட்டை மாடித் தொட்டி நீர் கையைச் சுடும். சூடேறினால் டெவலப்பர் அவசரப்படும், ஃபிலிமின் பூச்சு இளகும். தொட்டியில் மண்பானைத் தண்ணீரை ஊற்றி, ஐஸ் கட்டிகளைப் போட்டு, அதில் தட்டுகளை வைத்தால் வெப்பம் கட்டுக்குள் இருக்கும். இரவில் வேலை செய்தால் பாதி ஐஸ் மிச்சம்.

கடப்பாக் கல் வேண்டாம்

தொட்டியை எதில் கட்டுவது? கொத்தனாரைக் கேட்டால் பக்கத்து மாவட்டத்துக் கடப்பாக் கல்லைத்தான் சொல்வார். மலிவு, கறுப்பு, சமையல் மேடைக்குப் பொருத்தம். ஆனால் அது சுண்ணாம்புக் கல். சிந்தும் ஒவ்வொரு துளி அமிலமும் அதை அரிக்கும். சித்தூர் வட்டாரத்தில் தாராளமாகக் கிடைக்கும் கிரானைட் அமிலத்துக்கு மசியாது. ஒரே எச்சரிக்கை: இணைப்புகளைச் சிமென்ட்டால் பூசக்கூடாது. சிமென்ட்டையும் அமிலம் விடாது. எபாக்சி பசைதான் சரி.

எவர்சில்வர் வாங்குவதானால் 316 ரகம் நல்லது. சாதாரண 304 ரகமும் போதும், வேலை முடிந்ததும் உடனே கழுவித் துடைத்தால். தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில் பெட்டி செய்து ஃபைபர்கிளாஸ் பூசுவது இன்னொரு வழி. வாடகை வீட்டுக்காரருக்கு அகலமான பிளாஸ்டிக் தொட்டியும் ஒரு வாளியும் போதும். மின்சார ஸ்விட்ச், என்லார்ஜர் இரண்டும் எதிர்ப் பக்கச் சுவரில் இருக்க வேண்டும். ஈரக் கை அங்கே எட்டக்கூடாது.

தண்ணீர்க் கணக்கையும் குறைக்கலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடல் நீரில் அலசிய படங்களிலிருந்து ஹைப்போ விரைவாக வெளியேறுவதைக் கவனித்தார்கள். உப்பு செய்த வேலை அது. அதன் வாரிசுதான் இன்றைய சோடியம் சல்ஃபைட் கரைசல். இல்ஃபோர்டு நிறுவனம் சொல்லும் முறையில் ஃபிக்ஸரில் 1 நிமிடத்துக்கு மேல் வைக்காத ஃபைபர் காகிதத்துக்கு 5 நிமிட அலசல், 10 நிமிடம் இந்த மாதிரிக் கரைசல், மறுபடி 5 நிமிட அலசல். 240 லிட்டர் 40 ஆகிறது. பிளாஸ்டிக் பூசிய ஆர்.சி. காகிதத்துக்கு 2 நிமிடமே அதிகம். கடைசி அலசல் நீரை அடுத்த படத்தின் முதல் அலசலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் அலசுவதற்கு ஆகும். ஆனால் ஃபிலிமை உலர்த்துமுன் வடிநீரில் ஒருமுறை முக்கி எடுக்காவிட்டால் வெள்ளைத் திட்டுகள் நிற்கும்.

உதகையின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ காகிதத்தை நம்பிய காலம் போய்விட்டது, ஆலையே மூடப்பட்டுவிட்டது. இன்று காகிதம் இறக்குமதிச் சரக்கு. சரியாக அலசாமல் கெடுப்பது காசைச் சாக்கடையில் கொட்டுவதற்குச் சமம்.

சாக்கடையில் கொட்டக்கூடாதது இன்னொன்றும் உண்டு. பயன்படுத்திய ஃபிக்ஸரில் கரைந்த வெள்ளி இருக்கிறது. அது நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாது. கிணற்றுப் பக்கத்து உறிஞ்சுகுழிக்கும் போகக்கூடாது. தனி கேனில் சேர்த்து இரும்பு நார் போட்டு வைத்தால் இரும்பு கரைந்து வெள்ளி அடியில் படியும். ஆகவே தொட்டியிலிருந்து வடிகாலுக்குப் போகும் குழாய் ஒன்று என்றால், ஃபிக்ஸருக்கு மூடியுள்ள கேன் ஒன்று.

திருப்பதியை ஒட்டிப் போகும் சுவர்ணமுகிக்குத் தமிழில் பொன்முகலி என்று பெயர். அதில் வெள்ளியைக் கலக்காமல் இருப்பதும் இருட்டறைக்காரரின் வேலைதான்.