குழாயிலேயே ஆறிப்போகும் வெந்நீர்

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பத் தொடங்கிவிடும். பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள்தான் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள், பெரும்பாலும் பெண்கள். அதற்குள் அவர்கள் எழுந்து, சமைத்து, சோறு கட்டி, குளித்து முடித்திருக்க வேண்டும். மாலையில் மலை மழையில் நனைந்து திரும்பும்போது உடம்பு இன்னொரு முறை வெந்நீர் கேட்கும். இந்த ஊரில் வெந்நீர் சீக்கிரம் வருவது சொகுசுக்கான கேள்வியே இல்லை. அது நேரத்துக்கும் உடம்பு வலிக்கும் சம்பந்தப்பட்டது.

ஹீட்டர் வாங்கப் போகும் குடும்பங்கள் கடையில் கேட்பதெல்லாம் எத்தனை லிட்டர், எத்தனை வாட், எத்தனை வருஷ வாரண்டி என்றுதான். எந்தச் சுவரில் மாட்டுவது என்ற கேள்வி கடைசியில், பிளம்பர் துளைபோடும் இயந்திரத்தோடு வந்து நிற்கும்போதுதான் எழுகிறது. அவருக்கு எது வசதியோ அந்த இடத்தில் பெட்டி ஏறிவிடும். குழாயைத் திறந்ததும் வெந்நீர் வருமா, பச்சைத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்குமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்தக் கடைசி முடிவுதான்.

கணக்கு எளிது. ஹீட்டருக்கும் குழாய்க்கும் நடுவில் உள்ள பைப்பில் முந்தைய குளியலின் தண்ணீர் ஆறிப்போய்க் கிடக்கிறது. அது முழுவதும் வெளியேறிய பிறகே சூடான தண்ணீர் வந்து சேரும். இன்று பெரும்பாலான வீடுகளில் போடும் சி.பி.வி.சி. பைப்பில், அரை இன்ச் என்றால் மீட்டருக்குச் சுமார் 120 மில்லி தண்ணீர் நிற்கும். முக்கால் இன்ச்சில் சுமார் கால் லிட்டர். ஒரு இன்ச்சில் ஏறக்குறைய 430 மில்லி. மொட்டை மாடி சோலாரிலிருந்து கீழ்த்தளக் குளியலறைக்கு 15 மீட்டர் தூரம் ஒரு இன்ச் பைப் இறங்கினால், ஆறு லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீர் அதற்குள்ளேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 6 லிட்டர் விழும் குழாயில் அது போக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். பைப்பின் உடம்பும் சூடாக வேண்டும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். வீட்டில் நாலு பேர் வெவ்வேறு நேரத்தில் குளித்தால் நாளொன்றுக்கு 25 லிட்டர், மாதத்துக்கு 750 லிட்டருக்கு மேல் சாக்கடைக்குப் போகிறது. கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊர்களில் இது சாதாரண நஷ்டம் இல்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, தண்ணீர்ச் சிக்கனச் சான்று தரும் வீடுகளுக்கு இதற்கென்றே முன்பு ஒரு வரம்பு வைத்திருந்தது. வெந்நீர் உண்டாகும் இடத்துக்கும் குழாய்க்கும் நடுவில் பைப்பில் நிற்கும் தண்ணீர் 1.9 லிட்டரைத் தாண்டக் கூடாது. அந்த அளவை நம் பைப்புக்குப் பொருத்திப் பார்த்தால் அரை இன்ச்சில் ஏறத்தாழ 15 மீட்டர், முக்கால் இன்ச்சில் ஏழரை மீட்டர், ஒரு இன்ச்சில் நாலரை மீட்டருக்கும் குறைவு. பெரிய பைப் போட்டால் தண்ணீர் 'ஃபோர்ஸாக' வரும் என்று ஒரு குளியலறைக்குக்கூட ஒரு இன்ச் லைன் இழுக்கும் பழக்கம் இருக்கிறதே, வெந்நீரின் தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே ஹீட்டருக்கு முதல் இடம் குளியலறைச் சுவர்தான். இரண்டு குளியலறை முதுகோடு முதுகு ஒட்டியிருந்தால் நடுச்சுவர். அடுக்களையும் குளியலறையும் அடுத்தடுத்து இருந்தால் அந்த இரண்டுக்கும் பொதுவான சுவர். பழைய தெருக்களில் முன்வாசலிலிருந்து கொல்லை வரை ஒரே நீளமாக ஓடும் வீடுகளில் மீட்டர் பெட்டி வாசலிலும் குளியலறை கடைசியிலும் இருக்கும். அத்தனை தூரம் வயர் இழுப்பதா என்று யோசித்து ஹீட்டரை நடுக்கட்டில் மாட்டிவிடுகிறார்கள். அது தவறான சிக்கனம். 3 கிலோவாட் ஹீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரை 20 மீட்டர் இழுத்தாலும் வழியில் இழப்பது இரண்டரை வோல்ட்டுக்குள்தான். அதே 20 மீட்டர் முக்கால் இன்ச் வெந்நீர் பைப்பில் ஒவ்வொரு முறையும் ஐந்து லிட்டர் ஆறிப்போகும். வயரை நீட்டலாம், பைப்பை நீட்டக் கூடாது.

இதைப் பழைய செப்பு பாய்லர் வைத்திருந்த வீடுகள் நன்றாகவே அறிந்திருந்தன. நடுவில் புகைபோக்கிக் குழல், அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் தேங்காய்ச் சிரட்டையும் சுள்ளியும் எரியும் தட்டு. பக்கத்திலுள்ள புனல் வழியே ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், அது அடிக்குப் போய், மேலே இருக்கும் கொதிநீரை அதே அளவு வெளியே தள்ளும். அந்த பாய்லர் குளிக்கும் இடத்தை ஒட்டியே நிற்கும். வாளியை அதன் வாய்க்கு நேரே வைத்தால் போதும். பைப் என்ற ஒன்றே இல்லாததால் காத்திருப்பும் இல்லை.

இன்றைய மின்சார ஸ்டோரேஜ் ஹீட்டரும் உள்ளே அதே வேலையைத்தான் செய்கிறது. பச்சைத் தண்ணீர் அடியில் நுழைகிறது, வெந்நீர் உச்சியிலிருந்து வெளியேறுகிறது. செங்குத்தாக நிற்கும் தொட்டியில் சூடும் குளிரும் அடுக்கடுக்காகப் பிரிந்தே இருப்பதால், கடைசிவரை நல்ல சூடு வரும். பரணுக்கு அடியில் இடமில்லை என்று படுக்கைவசத் தொட்டி வாங்கினால் இரண்டும் சீக்கிரம் கலந்து வெதுவெதுப்பாகிவிடும். இடம் இருக்கிறவர்கள் செங்குத்து மாடலையே எடுப்பது நல்லது. செங்குத்து மாடலைப் படுக்கப்போட்டு மாட்டுவது கூடவே கூடாது.

போடியில் சரியாக வேலை செய்யும் ஹீட்டர் மேலே மலையுச்சியிலுள்ள போடிமெட்டில் ஏமாற்றும். கடல்மட்டத்திலிருந்து போடி ஏறக்குறைய 350 மீட்டர் உயரம். அடிவாரத்து முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டை அடையும்போது உயரம் 1,300 மீட்டரைத் தாண்டிவிடும். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி செல்சியஸ் என்பது காற்று குளிரும் பொதுவான கணக்கு. மார்கழி, தை விடியலில் மேட்டுத் தொட்டித் தண்ணீர் கீழே இருப்பதைவிடப் பத்து டிகிரி குறைவாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

'இன்ஸ்டன்ட்' என்று விற்கும் 3 கிலோவாட் ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடவிட்டால் அது தண்ணீரைச் சுமார் 14 டிகிரி சூடாக்கும். போடியில் தொட்டித் தண்ணீர் 26 டிகிரி என்றால் 40 டிகிரியில் விழும்; குளிக்க அருமையான சூடு. மெட்டில் 16 டிகிரியில் தொடங்கினால் 30 டிகிரிதான் வரும். சூடு வேண்டுமானால் குழாயை நூலாகத் திருகி, நிமிடத்துக்கு 2 லிட்டராகக் குறைத்து நிற்க வேண்டும். அப்போதும் 37 டிகிரி அளவுதான். மலைக் குக்கிராமங்களில் மின் அழுத்தம் இறங்குவது இன்னொரு தொல்லை. அழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 180-க்கு இறங்கினால் 3 கிலோவாட் காயில் 1.8 கிலோவாட்தான் தரும். அந்த நிலையில் இன்ஸ்டன்ட் ஹீட்டர் பெயருக்குத்தான் ஹீட்டர்.

மேட்டு வீடுகளுக்கு ஸ்டோரேஜ் வகைதான் பொருந்தும், அதுவும் ஒரு அளவு கூடுதலாக. 15 லிட்டர் தொட்டியை 60 டிகிரிக்குக் கொண்டுவர 2 கிலோவாட் காயிலுக்குப் போடியில் 18 நிமிடம், மெட்டில் 23 நிமிடம். ஐந்து நிமிட வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் அந்த 15 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவி 40 டிகிரியாக்கினால் போடியில் 36 லிட்டர் கிடைக்கும். மெட்டில் 27 லிட்டரோடு தீர்ந்துவிடும். கீழே இரண்டு வாளி கொடுத்த தொட்டி மேலே ஒன்றரை வாளியில் காலியாகிறது. 25 லிட்டர் தொட்டி வாங்கினால் அந்தக் குறை தீரும். ஆனால் தண்ணீர் நிரம்பிய 25 லிட்டர் ஹீட்டர் 30 கிலோவுக்கு மேல் கனக்கும். தகரத்திலோ பலகையிலோ மறைப்பு கட்டிய தோட்டத் தொழிலாளர் லயத்துக் குளியலறைகளில் அதைத் தாங்க உறுதியான செங்கல் சுவரோ கான்கிரீட் தூணோ வேண்டும். அதுவும் இடத்தைத் தீர்மானிக்கும் ஒரு கணக்கு.

கேஸ் கீசர் விஷயத்தில் மட்டும் 'பக்கத்திலேயே மாட்டு' என்ற அறிவுரையை நிறுத்திவைக்க வேண்டும். நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீரைக் கொட்டும் அதன் வேகம் மலைக் குளிருக்கு ஏற்றதுதான். ஆனால் அது எரியும் அறையின் காற்றை எடுத்துக்கொண்டு, காற்று போதாதபோது கார்பன் மோனாக்சைடை விடும். அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தலைசுற்றல் தொடங்கும்போதே கைகால் ஓய்ந்துவிடும். மூடிய குளியலறையில் கேஸ் கீசரை எரியவிட்டுக் குளித்தவர்கள் இறந்த செய்தி குளிர்காலந்தோறும் நாட்டின் எங்காவது ஒரு மூலையிலிருந்து வருகிறது. 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் செய்த முதல் கேஸ் கீசரிலேயே இந்தக் குறை இருந்தது. புகை வெளியேற அதில் குழலே இல்லை. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தும் மலை வீடுகளில் ஆபத்து இரட்டிப்பாகிறது.

இதற்கான வழியை ஏலத் தோட்டத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பின் வாய் சுவருக்கு வெளியே இருக்கும். நெருப்பின் சூடு மட்டும் குழாய் வழியே அறைக்குள் ஓடி, புகை மறுபக்கம் புகைபோக்கியில் ஏறிப் போகும். பச்சைக் காயின் நிறமும் மணமும் கெடாமலிருக்க அவர்கள் காட்டும் அதே கவனம் குளிக்கிற மனிதருக்கும் வேண்டும். கேஸ் கீசரைக் குளியலறைச் சுவரின் வெளிப்புறம், காற்றோட்டமான திண்ணையிலோ பின்தாழ்வாரத்திலோ மாட்டி, வெந்நீர் பைப்பை மட்டும் உள்ளே விட வேண்டும். சுவரின் தடிமன்தான் தூரம் என்பதால் வெந்நீரும் தாமதிக்காது. மாடித் தண்ணீர்த் தொட்டி உயரமாக இல்லாவிட்டால் கேஸ் கீசர் பற்றவே பற்றாது என்பதையும் வாங்கும் முன் கவனிக்க வேண்டும். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும்.

மின்சார ஹீட்டரைக் குளியலறைக்குள் மாட்டும்போது ஷவருக்கு நேர்மேலே வேண்டாம். கதவுக்கு மேலுள்ள காய்ந்த மூலை உத்தமம். சுவிட்ச் அறைக்கு வெளியே, ஈரக் கை எட்டாத இடத்தில். எர்த் கட்டாயம், கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் அதே அளவு அவசியம். பெட்டியில் ஐ.எஸ். 2082 முத்திரை இருந்தால் ஸ்டோரேஜ் வகைக்கான இந்தியத் தரம், இன்ஸ்டன்ட் வகைக்கு ஐ.எஸ். 8978. தொட்டியின் அடியில் சொட்டும் பாதுகாப்பு வால்வைச் சிலர் தொல்லை என்று அடைத்துவிடுகிறார்கள். சூட்டில் தண்ணீர் விரியும்போது அழுத்தம் வெளியேறும் வழி அதுதான். அதற்கு ஒரு சின்ன டியூபைச் சொருகித் தரைச் சாக்கடைக்கு விட்டால் போதும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் பாயும் வீடுகளில் காயிலை அடிக்கடி கழற்றிச் சுரண்ட வேண்டியிருக்கும். ஆகவே கழற்றும் பக்கத்தில் கை நுழைய இடம் விட்டு மாட்டச் சொல்வது பின்னால் செலவை மிச்சப்படுத்தும்.

சோலார் வைக்க நினைப்பவர்களுக்குப் போடியும் மெட்டும் இரண்டு உலகம். தென்மேற்குப் பருவமழையின் மறைவில் இருக்கும் போடிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலுக்குக் குறைவில்லை. மேகம் சூழ்வது ஐப்பசி, கார்த்திகையில்தான். மலையுச்சியில் அதே ஜூனில் மூட்டமும் சாரலும் நாள் கணக்கில் நீடிக்கும். அங்கே மின்சார காயில் இல்லாத சோலாரை நம்புவது வீண். இரண்டு இடத்திலும் சோலாரை மாடியின் அழகான மூலையில் வைக்காமல், குளியலறைக்கு நேர்மேலே வைத்து, தெற்கு நோக்கித் திருப்ப வேண்டும். இறங்கும் பைப்புக்கு நுரை உறை போட வேண்டும். ஒரே ஒரு குளியலறைக்கு என்றால் அரை இன்ச் அல்லது முக்கால் இன்ச் போதும். பச்சைத் தண்ணீருக்கு மட்டும் பிரஷர் பம்ப் வைத்து, சோலார் நீரைத் தானாக இறங்கவிட்டால், மிக்ஸரில் பச்சைத் தண்ணீர் வெந்நீரைப் பின்னுக்குத் தள்ளிவிடும். இரண்டும் ஒரே உயரத்திலிருந்து இறங்குவதே நல்லது.

ஏற்கெனவே ஹீட்டர் மாட்டிவிட்ட வீடுகள் ஒரு வாளியை வைத்தே தங்கள் நிலையைத் தெரிந்துகொள்ளலாம். காலையில் முதல் ஆளாக வெந்நீர்க் குழாயைத் திறந்து, சூடு கைக்குத் தட்டும்வரை விழும் தண்ணீரைப் பிடித்து, லிட்டர் அளவையால் அளக்க வேண்டும். இரண்டு லிட்டருக்குள் என்றால் எதையும் மாற்ற வேண்டாம். மூன்று நான்கு லிட்டர் என்றால் பைப்பை அரை இன்ச்சாகக் குறைப்பது, சுற்றி வளைத்துப் போகும் லைனை நேராக்குவது என்று பிளம்பர் ஒரு பகலில் முடிக்கும் வேலை. அதற்கும் மேலே போனால், பழைய ஹீட்டரையோ சோலாரையோ அங்கேயே விட்டுவிட்டு, குளியலறைச் சுவரில் 6 லிட்டர் சிறு தொட்டி ஒன்றை அதே லைனில் கோத்துவிடலாம். பைப்பில் கிடந்த ஆறிய தண்ணீரை அது தாங்கிக்கொள்ளும். பின்னாலேயே மாடியின் சூடான தண்ணீர் வந்து சேர்ந்துவிடும். சூடான தண்ணீர் உள்ளே வருவதைத் தாங்கும் மாடல்தானா என்று மட்டும் கடையில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். எல்லா மாடலும் தாங்காது.