பேட்டரிக் கட்டைக்குள் கரன்ட் எங்கே இருக்கு?

டார்ச் லைட்டில் போடுகிற பேட்டரிக் கட்டைக்குள் கரன்ட்டை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறாங்க. உள்ளே கரன்ட்டே கிடையாது. இருப்பது உலோகமும் உப்பும் கரியும்தான்.

வெளித் தகட்டுக்கு உள்ளே துத்தநாகக் குவளை ஒன்று இருக்கு. நடுவில் கார்பன் குச்சி. குச்சியைச் சுற்றிக் கறுப்பாக இருப்பது மாங்கனீசு டை ஆக்சைடு தூளும் கரித்தூளும். இவற்றுக்கும் குவளைக்கும் இடையே நவச்சாரமோ துத்தநாகக் குளோரைடோ கலந்த ஈரப்பசை. பேர்தான் உலர் மின்கலம், ஈரம் இல்லாவிட்டால் ஒரு வேலையும் நடக்காது!

சுவிட்சைப் போட்டதும் துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பசையில் கரையும். கரைகிற ஒவ்வொரு அணுவும் 2 எலக்ட்ரான்களை விட்டுவிட்டுப் போகும். அந்த எலக்ட்ரான்களால் பசைக்குள் போக முடியாது. அதனால் கட்டையின் அடிப்பக்கமாக வெளியே வந்து, பல்பு வழியாகச் சுற்றி, மேல் மூக்கு வழியாகக் கார்பன் குச்சிக்குப் போய்ச் சேரும். அங்கே மாங்கனீசு டை ஆக்சைடு வாங்கிக்கொள்ளும். இந்த ஓட்டம்தான் கரன்ட்.

பெரிய கட்டையோ பென்சில் கட்டையோ, இரண்டுக்கும் 1.5 வோல்ட்தான். பெரியதில் சரக்கு அதிகம், ரொம்ப நாள் வரும், அவ்வளவுதான். பழைய கட்டை ஏன் ஒழுகுதுன்னு இப்போ புரியுதா? குவளையே கரைந்து ஓட்டை விழுந்துவிடுகிறது. டார்ச்சில் அப்படியே விட்டால் ஸ்பிரிங்கும் அரித்துப் போகும்.

1800-இல் இத்தாலிக்காரர் வோல்டா துத்தநாகத் தட்டையும் வெள்ளித் தட்டையும் மாற்றி மாற்றி அடுக்கி, இடையில் உப்புத்தண்ணீரில் நனைத்த அட்டையை வைத்தார். கரன்ட் வந்தது! உப்புத்தண்ணியே போதும் என்றால் நம் எச்சிலும் போதும்தானே? ஆபத்தே அதில்தான்.

விளையாட்டுச் சாமான்களில் காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். அது வேறு வகை, லித்தியம், 3 வோல்ட். தம்பி, தங்கச்சி விழுங்கி அது தொண்டைக்குக் கீழே மாட்டிக்கொண்டால், ஈரமான சதை வழியாகவே கரன்ட் ஓடும். காஸ்டிக் சோடா போன்ற காரம் அங்கேயே உண்டாகி, 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன பேட்டரிக்கும் அந்த அளவு சக்தி மிச்சம் இருக்கும்.

விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வெளியே வந்துடும்னு காத்திருக்கவும் கூடாது. பேட்டரி மூடி லூசான பொம்மை வீட்டில் இருந்தால், இன்னைக்கே பேட்டரியைக் கழற்றி எடுத்துருங்க.